தள்ளிப்போன நாளும் தள்ளிப்போன தடையும்

தோழர்களே,

இந்த இதழுக்கு வேறொரு தலையங்கம் எழுதி வைத்திருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை எழுதுகிறேன். காரணம், போன மாசம் அவிநாசிப் பக்கத்து வளவு ஒன்றில் ஒரு அக்கா என்னிடம் கேட்ட கேள்வி.

சுடுகாட்டுக்குப் போகிற பாதையைத் தோட்டத்துக்காரர் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார் என்று கலெக்டருக்கு மனு எழுதப் போயிருந்தோம். கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி முடிக்கையில் இருட்டிவிட்டது. எல்லாரும் எழுந்து போன பிறகும் அந்த அக்கா மட்டும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயசிருக்கும். ஆயுசு முழுக்கப் பருத்திக்காட்டிலும் மஞ்சக்காட்டிலும் கூலிக்குக் குனிந்த முதுகு.

“தம்பி, நீ நாலெழுத்துப் படிச்சவன். ஒன்னு கேக்கோணும். நான் தின்ன மாத்திரைதான் எம் பையனக் கெடுத்துப்போடுச்சா?”

விஷயம் இதுதான். மூன்றாவது பிள்ளைக்கு முன்னால் நாள் தள்ளி நாற்பது நாள் ஆகியிருக்கிறது. எப்போது என்று கேட்டேன். “இந்திராகாந்தியச் சுட்டாங்கல்ல, அந்த வாரந்தான்” என்றார். அப்படியானால் 1984 அக்டோபர் கடைசி. டவுனுக்குப் போய்ச் சோதித்துப் பார்க்க ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு வேறு. மருந்துக் கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் ரெண்டு மாத்திரை கொடுத்து, “இன்னிக்கு ஒன்னு, நாளைக்கு ஒன்னு போடு. ரத்தம் பட்டா ஒன்னுமில்ல. படலைன்னா கர்ப்பம்” என்றிருக்கிறார். ரத்தம் படவில்லை. வைகாசியில் பையன் பிறந்தான். ஒன்றுக்குப் போகிற துளை குறியின் நுனியில் இல்லை, அடிப்பக்கத்தில் இருந்தது. விதை ஒன்று கீழே இறங்கவில்லை.

ஊர் என்ன சொன்னது என்று நான் எழுத வேண்டியதில்லை. மாமியார் பாவம் என்றார். பூசாரி, போன ஜென்மத்து வினை என்றார். புருசன் குடித்துவிட்டு வந்து, “என்னத்தத் தின்னுட்டுப் பெத்தயோ” என்றார். பையனால் நின்றபடி ஒன்றுக்குப் போக முடியாது, உடம்பெல்லாம் நனைந்துவிடும். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து போவதைப் பார்த்த பயல்கள் வைத்த பட்டப்பெயர் தாங்காமல் ஏழாவதோடு நின்றுவிட்டான். ஏற்கனவே சாதியைச் சொல்லிக் கூப்பிடுகிற பள்ளிக்கூடம். அதோடு இதுவும் சேர்ந்தது. இன்று அவருக்கு நாற்பது வயசு. டெம்போ ஓட்டுகிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். “பேர் மட்டும் போடாதீங்க, மத்தது எழுதுங்க. அம்மாவ எல்லாரும் வஞ்சது போதும்” என்றார்.

அந்த அக்காவுக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. “படிச்சுப் பாத்துட்டு வரேங்க்கா” என்று மட்டும் சொன்னேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அந்த மாத்திரைக்கு டாக்டர்கள் வைத்த பேர் ஈ.பி. மாத்திரை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களைத் தொழிற்சாலையில் செயற்கையாகச் செய்து, அதிக அளவில் ஒன்றாகச் சேர்த்தது. மாதவிலக்கு வராத கோளாறுக்கு என்று சந்தைக்கு வந்தது, கர்ப்பமா இல்லையா என்று பார்க்கவும், கருவைக் கலைத்துவிடும் என்ற நம்பிக்கையிலும் நாடு முழுக்கப் புழங்கியது. கரு கலையாது. அதன்மேல் மருந்து பட்டதுதான் மிச்சம்.

இதே வகை மாத்திரை இங்கிலாந்தில் பிரிமோடாஸ் என்ற பேரில் விற்றது. பிறவிக் கோளாறோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார்களில் பலர் இதைச் சாப்பிட்டிருந்ததை இசபெல் கால் என்ற பெண் மருத்துவர் 1967ல் எழுதினார். நார்வேயும் சுவீடனும் 1970லேயே கர்ப்பச் சோதனைக்கு இதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டன. இங்கிலாந்தில் 1978ல் விற்பனை நின்றது. மற்ற நாடுகளில் வாசல் அடைபட்ட சரக்கு நம் ஊர் மருந்துக் கடையில் தாராளமாகக் கிடைத்தது.

இந்தியாவில் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி தடை உத்தரவு போட்டது 1982ல். தோழர்களே, இந்த வருசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிகள் உடனே கல்கத்தா, பம்பாய் உயர்நீதிமன்றங்களுக்குப் போய் அந்தத் தடைக்குத் தடை வாங்கிவிட்டன. மாத்திரை கடையிலேயே இருந்தது. பெண்கள் அமைப்புகளும், டாக்டர் மீரா சிவா போன்றவர்கள் முன்னின்ற மருந்து இயக்கங்களும் தெருவுக்கு வந்தன. தீங்கான மருந்துகளுக்கு எதிராகக் கேரள வழக்கறிஞர் வின்சென்ட் பனிகுளங்கரா உச்சநீதிமன்றம் போன வழக்கில் 1987ல் தீர்ப்பு வந்தது. பெருநகரங்களில் பொது விசாரணை நடந்தது. கடைசியாக 1988 ஜூனில்தான் மத்திய அரசின் தடை அமலுக்கு வந்தது. மாத்திரைக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஈஸ்ட்ரோஜனும் 3 மில்லிகிராமுக்கு மேல் புரோஜெஸ்டினும் சேர்ந்தால் தயாரிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்றார்கள்.

1982க்கும் 1988க்கும் நடுவே ஆறு வருசம். நம்ம அக்கா மாத்திரை வாங்கியது 1984ல். அரசாங்கமே வேண்டாம் என்று சொன்ன வகை மருந்து, கோர்ட்டுக் காகிதத்தின் பலத்தில் கடையில் உட்கார்ந்திருந்த காலம் அது. லட்சக்கணக்கில் வக்கீலுக்குக் கொடுக்க முடிந்தவனுக்குக் கிடைத்தது ஆறு வருசத்து லாபம். ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவளுக்குக் கிடைத்தது ரெண்டு மாத்திரை.

சரி, அந்த மாத்திரை வயிற்றில் என்ன செய்யும்? மாணவத் தோழர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

கரு உருவாகி முதல் ஆறு வாரம் ஆண், பெண் இரண்டுக்கும் உடலமைப்பு ஒன்றேதான். இரண்டுக்குமான மூல உறுப்புகள் எல்லாக் கருவிலும் இருக்கின்றன. அப்புறம் ஒய் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு கூப்பிட்டால் விதை உருவாகிறது. கடைசி மாதவிலக்கிலிருந்து கணக்கிட்டால் சுமார் 8வது வாரத்திலிருந்து 14வது வாரம் வரை அந்தக் குட்டி விதை டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது இன்னும் வீரியமான வேறொன்றாக மாறி, குறியை உருவாக்கி, அடியில் திறந்து கிடக்கும் சிறுநீர்ப் பாதையை நுனிவரை தைத்து மூடுகிறது. விதை வயிற்றுக்குள்ளிருந்து இறங்க ஆரம்பிப்பதும் அந்த வாரங்களில்தான். அது பைக்கு வந்து சேர ஏழு, எட்டு மாசம் ஆகும்.

இந்த நேரத்தில் வெளியிலிருந்து செயற்கை ஈஸ்ட்ரோஜன் அதிகமாக வந்தால் விதையின் சுரப்பு குறைகிறது, அதை இறக்கிவிடும் இன்னொரு ஹார்மோனும் அடங்கிப்போகிறது. விலங்குச் சோதனைகளில் இது திரும்பத் திரும்பக் காணப்பட்டது. செயற்கைப் புரோஜெஸ்டினோ, டெஸ்டோஸ்டிரோனை வீரியமாக்குகிற வேலைக்குக் குறுக்கே நிற்கக்கூடியது. தையல் பாதியில் நின்றால் துளை அடிப்பக்கத்தில் தங்கிவிடும். அந்தச் சில வாரம் தாண்டிவிட்டால் உடம்பு தானாகத் திரும்பப் போய்த் தைக்காது.

இதற்கு மனிதர்களில் சாட்சி இருக்கிறதா? இருக்கிறது. 1938ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழு உருவாக்கிய டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை, கரு கலையாமல் காக்கும் என்று சொல்லி அமெரிக்காவில் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். சிகாகோவில் சுமார் 1600 பெண்களை வைத்து நடத்திய சோதனையில் அது கருவைக் காக்கவே இல்லை என்று 1953ல் தெரிந்தது. அந்தப் பெண்களுக்குத் தாங்கள் சோதனையில் இருப்பதே தெரியாது. தெரிந்த பிறகும் 1971 வரை டாக்டர்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த வருசந்தான் மகள்களுக்கு அபூர்வமான பிறப்புறுப்புப் புற்றுநோய் வருவது அம்பலமானது. மகன்களைச் சோதித்தபோது விதைக்குப் பக்கத்தில் நீர்க்கட்டி, இறங்காத விதை, சிறுத்த விதை ஆகியவை மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. புரோஜெஸ்டின் பற்றி 2005ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பத்தின் ஆரம்பத்தில் அதைச் சாப்பிட்டவர்களின் மகன்களுக்குத் துளை இடம் மாறியிருப்பது மூன்று மடங்குக்கும் மேல் கூடுதலாகத் தெரிந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் பக்கம் சாதகமானதை மட்டும் பொறுக்கிப் போடுவது இயக்கப் பத்திரிகைக்கு அழகல்ல. பிரிமோடாஸ்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்று இங்கிலாந்தின் நிபுணர் குழு 2017ல் சொன்னது. ஆனால் 2020ல் கம்பர்லெஜ் அம்மையார் தலைமையிலான விசாரணை அறிக்கை, 1967லேயே அந்த மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும் என்றது. சந்தேகம் வந்த அன்றே நிறுத்துவதா, நூற்றுக்கு நூறு நிரூபணம் ஆகும்வரை சனங்களின் வயிற்றில் விற்பதா என்பதுதான் கேள்வி. இன்னொன்று, குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் ஹார்மோன் மிகக் குறைவு. டென்மார்க்கில் சுமார் 8 லட்சத்து 80 ஆயிரம் பிறப்புகளைப் பார்த்த 2016ஆம் வருச ஆய்வில், தெரியாமல் அதைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் கோளாறு கூடவில்லை என்று தெரிந்தது. பெண்ணின் கையில் இருக்கும் ஒரே ஆயுதத்தைப் பயமுறுத்திப் பிடுங்குவது நம் வேலையல்ல.

ஈ.பி. மாத்திரை போய்விட்டது, இப்போது எதற்கு இந்தப் பழங்கதை என்று கேட்கலாம். நம் கொங்குச் சீமையைக் கொஞ்சம் பாருங்கள்.

கோனியம்மன் தேர் வருகிறது, பண்ணாரி குண்டம் வருகிறது, ஊர் மாரியம்மனுக்குச் சாட்டுப் போட்டாகிவிட்டது. மருந்துக் கடையில் பெண்கள், அல்லது பெண்களுக்காக ஆண்கள், வந்து நிற்கிறார்கள். “நாள் தள்ளிப் போடுற மாத்திரை குடுங்க.” அது நோரெதிஸ்டிரோன். செயற்கைப் புரோஜெஸ்டின். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அட்டையிலேயே போட்டிருக்கும். யாரும் கேட்பதில்லை. வழக்கமான அளவு வேளைக்கு 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூணு வேளை, ஆக 15 மில்லிகிராம். பிரிமோடாஸ் மாத்திரை ஒன்றில் இருந்ததே இதே குடும்பத்து மருந்து 10 மில்லிகிராம்தான். கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்பது மருத்துவம் படித்த எல்லாருக்கும் தெரியும். கரு நின்ற பெண் ஒருத்தி தெரியாமல் இதைச் சாப்பிட்டால் என்ன ஆகும்? நாள் வரவில்லை என்றால், மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் நினைப்பாள். கரு நின்றதை மாத்திரையே மறைத்துவிடும். விசேஷம் முடிந்தும் வரவில்லை என்றால் “நாள் வர்ற மாத்திரை” என்று மறுபடி அதே கடை, பெரும்பாலும் அதே மருந்து. வாரம் எண்ணிப் பாருங்கள், முக்கியமான அந்த வாரங்கள் நெருங்கிவிடும்.

இதை ஏன் ஒரு தலித் பத்திரிகை எழுதுகிறது? இந்த மாத்திரையை விற்பது தீட்டு. எந்தத் தீட்டு நம்மைக் கோயில் வாசலில் நிறுத்தியதோ, டீக்கடையில் நமக்குத் தனி டம்ளர் வைத்ததோ, அதே தீட்டுதான் பெண்ணின் ரத்தத்தைப் பார்த்து “தள்ளி நில்” என்கிறது. ஒன்றை எதிர்த்துக் கொடி பிடித்துவிட்டு இன்னொன்றை வீட்டுக்குள் வைத்துக் கும்பிட்டால் அது என்ன விடுதலை? கோயில் நுழைவுப் போராட்டத்துக்குப் போன நம் தோழர்களின் வீட்டிலேயே பெண்கள் சாட்டுக்கு மாத்திரை போடுவதைப் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலும்தான். என் துணைவியாருக்கு நானே போய் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல முடியாது.

மில்களையும் பாருங்கள். தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் மாதவிலக்கு வலி என்று சொன்ன பெண்களுக்குப் பேரில்லாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியதை 2019ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் நிருபர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். சோதித்ததில் அவை வலி மாத்திரைகள்தான், ஹார்மோன் அல்ல. ஆனால் தின்பது என்னவென்றே தெரியாமல் தின்ன வைக்கிற பழக்கம் அதேதான்.

மாத்திரை மட்டுமல்ல, பூச்சி மருந்தும் இதில் சேரும். ஹார்மோனாகச் செய்யப்படாவிட்டாலும் உடம்பின் ஹார்மோன் வேலையில் தலையிடுகிற ரசாயனங்கள் உண்டு. நம் பருத்திக்காட்டில் வெறுங்காலோடு, வாயில் துண்டுகூடக் கட்டாமல் அடித்தோமே எண்டோசல்ஃபான், அது அந்த ரகம். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள்மேல் பல வருசம் ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் அங்குள்ள 117 பையன்களை, தெளிக்காத ஊரின் 90 பையன்களோடு ஒப்பிட்டு 2003ல் வெளியிட்ட ஆய்வில், பையன்கள் பருவமடைவது தாமதமாவதாகச் சொன்னது. இறங்காத விதை போன்ற கோளாறுகளும் அங்கே கூடுதலாகத் தெரிந்தன. ஆனால் எண்ணிக்கை சிறியது என்பதால் அதை வைத்து முடிவாகச் சொல்ல இயலவில்லை. உச்சநீதிமன்றம் 2011 மே மாதம் அதைத் தடை செய்தது. காசர்கோட்டுச் சனங்கள் ரோட்டுக்கு வந்ததால் ஆய்வு வந்தது, தடை வந்தது, 2017ல் நஷ்ட ஈட்டுக்கு உத்தரவும் வந்தது. இங்கே நம் வளவுகளில் மருந்தடித்தவர்களின் பிள்ளைகளை யார் எண்ணிப் பார்த்தார்கள்?

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. குறி வேறுமாதிரி அமைந்து பிறந்த பிள்ளை ‘கெட்டுப்போன’ பிள்ளை அல்ல. மருந்து படாமலேயும் இயற்கையாக அப்படிப் பிறக்கிறவர்கள் எத்தனையோ பேர். ஆணுமல்லாத பெண்ணுமல்லாத உடலோடு பிறப்பவர்கள் மனிதர்களில் ஒரு வகை. கம்பெனியின் குற்றத்தைப் பேசுகிற சாக்கில் அவர்களைக் கேவலப்படுத்தினால் நாமும் அந்தப் பள்ளிக்கூடப் பயல்கள் மாதிரிதான். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பு சொன்னார். அதையொட்டி அந்த வருசமே, உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய இடைப்பால் குழந்தைகளை ஆணாகவோ பெண்ணாகவோ மாற்ற ஆபரேஷன் செய்யக்கூடாது என்று தமிழக அரசு ஆணை போட்டது. அதே நேரத்தில் இறங்காத விதைக்கு வைத்தியம் அவசியம். ஆறு மாசத்துக்கு மேலும் இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒன்றரை வயசுக்குள் இறக்கி வைத்துவிட்டால் பின்னால் பிள்ளைப்பேற்றுக்கும் நல்லது, புற்றுநோய் அபாயமும் குறையும். இதைச் சொல்ல ஆளில்லாமல்தான் நம்ம அக்காவின் மகன் பன்னிரண்டு வயசுவரை அப்படியே இருந்தார்.

செய்ய வேண்டியது என்ன? பெரிய புரட்சி எதுவும் இல்லை. நாள் தள்ளிப்போனால் கிராம சுகாதார நர்சிடம் போங்கள். சிறுநீர் ரெண்டு சொட்டு விட்டால் அஞ்சு நிமிசத்தில் தெரிந்துவிடும். உடம்புக்குள் ஒன்றும் போட வேண்டியதில்லை. மருந்துக் கடையில் மாத்திரையை வெட்டி எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்தால், பேர் என்ன என்று கேளுங்கள், பில் கேளுங்கள். பேர் தெரியாத மாத்திரையை வாயில் போடாதீர்கள். தெரியாமல் சாப்பிட்டுவிட்டீர்கள் என்றாலும் பயந்து கருவைக் கலைக்க ஓடாதீர்கள். பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அது போதும். கல்லூரித் தோழர்களுக்கு ஒரு வேலை: மருத்துவம், மருந்தியல் படிக்கிறவர்கள் விடுமுறையில் உங்கள் வளவிலேயே ஒரு சாயந்தரம் உட்கார்ந்து, அட்டையில் போட்டிருப்பதைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். ஆண்களும் உட்காரட்டும்.

1928ல் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் எழுந்து அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது அவள் சொந்த விஷயம் மட்டுமல்ல, நாட்டின் பொறுப்பு என்றார். கர்ப்பிணியின் வயிற்றை அரசியலாகப் பேச நமக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். சாதி ஒழிப்பு மாநாட்டுத் தீர்மானங்களில் இனி மருந்துக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வளவுக்கு மறுபடி போனேன். சுடுகாட்டுப் பாதைக்கு இன்னும் பதில் வரவில்லை. அக்காவிடம், “அந்த மாத்திரைதான் செஞ்சுதுன்னு உங்க பையன் விஷயத்துல யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதுங்க்கா. செஞ்சிருக்கலாம். ஆனா அது ஆகாதுன்னு கவர்மெண்ட்டுக்கு நீங்க வாங்குறதுக்கு ரெண்டு வருசம் முந்தியே தெரியும். கம்பெனிக்கும் தெரியும். தெரியாதது உங்களுக்கு மட்டுந்தான்” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “அப்ப எனக்குச் சொல்லாதவன்தான் தப்புப் பண்ணவன், இல்லீங்ளா தம்பி?”

ஆமாங்க்கா.

தோழமையுடன்,
ஆசிரியர்